இறுகிப்போன ஆக்சிஜன் சென்சார்: காப்பாற்ற வேண்டியது மரையை

எக்சாஸ்ட் குழாயில் இறுகிப்போன ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றும்போது பெரும்பாலோர் சென்சாரைக் குறித்தே கவலைப்படுகிறார்கள். வயர் அறுந்துவிடுமோ, தலை மழுங்கிவிடுமோ என்று பதறுகிறார்கள். கழற்றிய மறுநிமிடம் குப்பைக்குப் போகப்போகிற பொருள் அது. குழாயோடு வெல்டு செய்யப்பட்ட நட்டும் அதன் உட்பக்கத் திருகுவரிகளான மரையும்தான் வண்டியோடு கடைசிவரை இருக்கப்போகின்றன. இந்த வேலையில் எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் மரையின் பக்கம் நின்று எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அப்படி எடுத்த முடிவுகளையும், அவை எங்கே பலித்தன, எங்கே பாதியே பலித்தன என்பதையும் ஒரு வண்டியை வைத்து இங்கே விளக்குகிறேன்.

வண்டியும் புகாரும்

நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் கொண்ட கார். பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. என்ஜின் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிகிறது. பக்கத்தில் போய்வரும் நாட்களில் பெட்ரோல் வழக்கத்தைவிட அதிகம் செலவாகிறது. காலையில் கிளப்பியதும் புகையில் பெட்ரோல் வாடை தூக்கலாக இருக்கிறது. ஆனால் நெடுந்தூரம் ஓட்டினால் குறையே தெரிவதில்லை. உரிமையாளர் சொன்ன இந்தக் கடைசிச் செய்திதான் பாதி வேலையை முடித்துக் கொடுத்தது.

வண்டியின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனரில் வந்த கோளாறுக் குறியீடு பி0135. முதல் சிலிண்டர் வரிசையில், புகையைச் சுத்தம் செய்யும் கன்வர்ட்டருக்கு முன்னால் இருக்கும் சென்சாரின் சூடேற்றிச் சுற்றில் கோளாறு என்று அதற்குப் பொருள். வண்டி என்னிடம் வருவதற்கு முன்பே வேறோர் இடத்தில் அதைக் கழற்றப் பார்த்திருக்கிறார்கள். அறுகோணத் தலையின் இரண்டு முனைகள் மழுங்கி, பழைய துருவுக்கு நடுவே புதிய இரும்பு பளபளத்தது. அசையவில்லை என்று தெரிந்ததும் அவர்கள் விட்டுவிட்டிருக்கிறார்கள். அது நல்லதாயிற்று. இன்னும் இரண்டு முனைகள் போயிருந்தால் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும்.

சூடேற்றி ஏன் இத்தனை முக்கியம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இந்தச் சென்சாரின் உள்ளே இருப்பது சிர்கோனியா என்ற பீங்கான். ஏறத்தாழ 300 டிகிரி செல்சியசைத் தாண்டிச் சூடானால்தான் அது உயிர்பெற்று, புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனுக்கு ஏற்ப மின்னழுத்தம் கொடுக்கும். பெட்ரோல் கூடினால் 0.9 வோல்ட்டை நெருங்கும். காற்று கூடினால் 0.1 வோல்ட்டுக்கு இறங்கும். இரண்டும் சரியாகப் பொருந்தும் இடம் 0.45. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்று நாம் சொல்லும் கணக்கை என்ஜின் இந்த அளவை வைத்தே பிடித்துக்கொள்கிறது. பாஷ் நிறுவனத்தின் இந்தச் சென்சார் 1976இல் வோல்வோ கார்களில் முதன்முதலாக வந்தபோது அதில் சூடேற்றி கிடையாது; புகையின் சூட்டையே நம்பியிருந்தது. சூடேற்றி வைத்த வகை 1982இல் வந்தது.

ஆகவே சூடேற்றி இறந்த சென்சார், அந்தப் பழைய சென்சாரின் நிலைக்குத் திரும்பிவிடுகிறது. நெடுந்தூரம் ஓடினால் புகையே அதைச் சூடாக்கிவிடும். என்ஜின் ஒழுங்காக ஓடும். பக்கத்துத் தெருவுக்குப் போய்வரும்போது அது விழிப்பதற்குள் பயணமே முடிந்துவிடும். அதுவரை கட்டுப்பாட்டுக் கணினி தன்னிடமுள்ள அட்டவணையை நம்பி, சற்றுத் தாராளமாகவே பெட்ரோலை விடும். உரிமையாளர் சொன்ன அறிகுறிகள் ஒவ்வொன்றும் இதோடு பொருந்தின.

வெட்டுவதற்கு முன் உறுதி செய்தது

இறுகிய சென்சாரை எடுப்பதென்றால் அதை அழித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அதனால் இறந்தது சென்சார்தான் என்று ஐயமறத் தெரிய வேண்டும். பி0135 என்ற குறியீடு வந்தவுடன் சென்சாரை மாற்றுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பியூஸ் போனாலும் அதே குறியீடுதான் வரும். வழியில் வயர் உருகி அறுந்திருந்தாலும் அதே குறியீடுதான்.

கனெக்டரைப் பிரித்து, வண்டிப் பக்க முனையில் மல்டிமீட்டரை வைத்தேன். சாவியைத் திருப்பியதும் பேட்டரி மின்னழுத்தம் வந்தது. பியூஸும் அதுவரையுள்ள வயரும் நலம். கணினி தரைத்தொடர்பு கொடுக்கும் வயரில் சோதனை விளக்கை வைத்து என்ஜினைக் கிளப்பினால் விளக்கு சிமிட்டியது. கணினியும் தன் வேலையைச் செய்கிறது. அடுத்து சென்சார்ப் பக்கம். இந்த நான்கு வயர் வகையில் வெள்ளை வயர்கள் இரண்டும் சூடேற்றிக்கு உரியவை. புதிய சென்சாரில் அவற்றுக்கு இடையே சுமார் 9 ஓம் காட்டியது. வண்டியில் இருந்ததில் மீட்டர் முடிவிலியில் நின்றது. உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. இனி வெட்டலாம்.

ஓடுகிற வண்டிதானே, அப்படியே விட்டால் என்ன என்று உரிமையாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். தேவைக்கு மிஞ்சிய பெட்ரோல் எரியாமல் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. அதன் உள்ளிருக்கும் தேன்கூட்டுப் பீங்கான் மெல்ல மெல்லச் சேதமாகும். சென்சாரோடு ஒப்பிட்டால் கன்வர்ட்டர் பல மடங்கு விலையுள்ள பொருள். அதோடு, எச்சரிக்கை விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால் நாளை வேறொரு கோளாறு வரும்போது அது கண்ணில் படாது.

ஏன் இப்படி இறுகுகிறது

சென்சாரின் மரை 18 மில்லிமீட்டர் விட்டம், ஒரு சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர். தலைக்கு 22 ஸ்பானர். நட்டின் தடிமன் பத்து மில்லிமீட்டர் அளவில் இருப்பதால் ஆறு ஏழு சுற்று மரைதான் கடித்துக்கொண்டிருக்கும். இவ்வளவு சிறிய இடத்தில் பகை எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது.

வெளியே சாலைத் தண்ணீர், மண், உப்பு. உள்ளேயும் தண்ணீர்தான்: ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. குளிர்ந்த குழாயில் அது துளியாகப் படியும். என்ஜின் ஒவ்வொரு முறை ஓடி நிற்கும்போதும் அந்த நட்டு பல நூறு டிகிரி ஏறி இறங்குகிறது. மரை ஒட்டிக்கொள்ளாமலிருக்கத் தொடக்கத்தில் பூசிய பசை ஆண்டுக்கணக்கான சூட்டில் வறண்டு போகிறது. பின் துரு பிடிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். மரைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியோ நூறில் சில பங்கு மில்லிமீட்டர். அதை நிரப்பத் துருவுக்கு அதிக காலம் வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சென்சார் மரையின் கடைசிச் சுற்று பெரும்பாலும் நட்டைக் கடந்து குழாய்க்குள் கொஞ்சம் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பகுதி ஆண்டுக்கணக்கில் புகையில் வெந்து, கரியும் செதிலும் ஏறித் தடித்திருக்கும். கழற்றும்போது அந்தத் தடித்த மரை, நட்டின் நல்ல மரை முழுவதையும் உரசிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். முதல் அசைவு கிடைத்ததும் வெற்றி என்று நினைத்து இழுத்துச் சுற்றுபவர்கள் மரையைப் பாழாக்குவது இந்த இடத்தில்தான்.

எண்ணெய் செய்ததும் செய்யாததும்

வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டுகளில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தேன். குழாய் தொட்டால் ஜில்லென்று இருக்கும்வரை காத்திருந்து, தலைக்கும் நட்டுக்கும் நடுவே இருந்த துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். மெல்லிய செந்துரு வளையம் ஒன்று செதிலாக உதிர்ந்து, அதன் கீழே வாஷரின் விளிம்பு தெரிந்தது.

அந்த வாஷரைப் பார்த்ததும் எண்ணெயிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்பது தெளிவாகிவிட்டது. சென்சாரோடு வரும் அந்த வாஷர், புகை கசியாமல் இருக்கவென்றே நசுங்கி உட்காரும்படி செய்யப்பட்டது. புகையையே தடுக்கும் வாஷர் எண்ணெயையும் தடுக்கும். வெளியிலிருந்து எத்தனை தடவை அடித்தாலும் மரைக்குப் போய்ச்சேருவது கொஞ்சமே. ஆகையால் துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாளே அடித்துவிட்டு மறுநாள் வந்தால் கையோடு வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருப்பதில் பொருளில்லை. முதல் அசைவுக்குப் பிறகு, வாஷர் தளர்ந்து வழி கிடைக்கும்போதுதான் எண்ணெய் தன் வேலையைச் செய்யும். இருந்தாலும் ஒரு இரவு ஊறவைத்தேன். அதனால் கெடுதலில்லை, கிடைப்பது ஆதாயம்.

வயரை வெட்டிய முடிவு

சென்சாருக்கென்று விற்கும் சாக்கெட்டில் வயர் நுழைவதற்காகப் பக்கவாட்டில் ஒரு பிளவு இருக்கும். லேசாக இறுகியவற்றுக்கு அது போதும். பலமாக இறுகியவற்றில் அந்தப் பிளவே எதிரி. விசை ஏற ஏறச் சாக்கெட்டின் வாய் விரிகிறது, தலையின் முனைகளில் பிடி நழுவுகிறது, முனை மழுங்குகிறது. முன்பு முயன்றவர்களுக்கு நடந்தது இதுதான் என்பது அந்த இரண்டு முனைகளில் எழுதியிருந்தது.

எனவே அந்தச் சாக்கெட்டை எடுக்கவே இல்லை. சென்சார்ப் பக்க வயரைத் தலைக்கு மேலே ஒட்ட வெட்டினேன். வண்டிப் பக்கக் கனெக்டரைத் தொடவில்லை. வயர் போனபின் பிளவில்லாத, ஆறு முகம் கொண்ட 22 ஆழச் சாக்கெட் முழுதாக உட்கார்ந்தது. பன்னிரண்டு முகச் சாக்கெட் முனைகளை மட்டுமே பிடிக்கும்; ஆறு முகம் பக்கங்களையும் சேர்த்துப் பிடிக்கும். இரண்டு முனைகள் மழுங்கிய தலைக்கு இந்த வேறுபாடு உயிர்நாடி. அந்த இரண்டு முனைகளையும் ஒரு சிறிய அரத்தால் தேய்த்துப் பிசிறு நீக்கி, சாக்கெட் இடுக்கின்றிச் சமமாக இறங்கும்படி செய்துகொண்டேன். சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டி அடிவரை உட்காரவைத்தேன்.

நீளக் கைப்பிடி போட்டு, குளிர்ந்த நிலையில், கழற்றும் திசையில் சீராக அழுத்திப் பார்த்தேன். கைப்பிடி வளைந்தது, தலை அசையவில்லை. இன்னும் நீளமான குழாயை மாட்டித் தொங்கியிருக்கலாம். அந்த ஆசையை அடக்க வேண்டும். துரு பிடித்த மரையில் வெறும் விசை ஏறினால் மூன்றில் ஒன்று நடக்கும்: தலை முறியும், நட்டு வெல்டிலிருந்து பிய்த்துக்கொண்டு திரும்பும், அல்லது மரை கிழியும். மூன்றுமே நமக்கு எதிரானவை.

சூடு

இங்கே ஒரு பழக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும். என்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டு, சூட்டோடு சூடாகக் கழற்று என்று பலரும் சொல்வார்கள். லேசாக ஒட்டிக்கொண்டவற்றுக்கு அது உதவும். ஆனால் என்ஜின் கொடுக்கும் சூடு நட்டுக்கும் சென்சாருக்கும் ஒருசேரப் போகிறது, இரண்டும் சேர்ந்தே விரிகின்றன, இடைவெளி கூடுவதில்லை. சென்சாரின் உடல், நட்டைவிட அதிகமாக விரியும் வகை எஃகாக இருந்தால் பிடி இன்னும் இறுகவும் கூடும். நமக்கு வேண்டியது நட்டு மட்டும் விரிவது. அதற்கு வெளியிலிருந்து சுடர் வீசும் டார்ச்தான் வழி.

கணக்கு எளிது. சாதாரண எஃகு, மீட்டருக்கு ஒரு டிகிரி ஏறினால் சுமார் 12 மைக்ரோமீட்டர் விரியும். 18 மில்லிமீட்டர் துளை கொண்ட நட்டை, உள்ளேயிருக்கும் சென்சாரைவிட 400 டிகிரி அதிகமாகச் சூடாக்க முடிந்தால் துளை 0.08 மில்லிமீட்டருக்கு மேல் விரிகிறது. ஒரு தலைமுடியின் பருமன்தான். துருவின் பிடியை உடைக்க அதுவே தாராளம். ஆனால் சூடு சென்சாருக்கும் கடத்தப்படும். நேரம் போகப் போக அந்த வேறுபாடு கரையும். ஆகவே வேகமாகச் சூடாக்கி உடனே சுற்ற வேண்டும். மெதுவாக நீண்ட நேரம் காட்டினால் எல்லாம் சேர்ந்து வெந்து, பலன் பாதியாகிவிடும்.

டார்ச்சைப் பற்றவைக்கும் முன் செய்தவற்றில் எதையும் விட முடியாது. வெப்பத் தடுப்புத் தகட்டைக் கழற்றினேன். எரிபொருள் குழாய், பிரேக் குழாய், வயர்க் கட்டு, ரப்பர்ப் புஷ், அடிப்பூச்சு ஆகியவை எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று கையால் தடவிப் பார்த்து, சுடர் எட்டக்கூடிய இடங்களில் தகடு வைத்து மறைத்தேன். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. முதல்நாள் அடித்த எண்ணெயைத் துணியால் துடைத்து எடுத்தேன். அது எளிதில் தீப்பிடிக்கும். இந்தத் துடைப்புக்குப் பிரேக் கிளீனரை எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: குளோரின் கலந்த வகை, சூட்டில் பாஸ்ஜீன் என்ற கொடிய நச்சுவாயுவாக மாறும். சூடு காட்டப்போகும் இடத்தில் அது ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது.

சுடரை நட்டின் வெளி வளையத்தில் மட்டும் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். சென்சார்த் தலையில் படவிடவில்லை. நிழலில் பார்த்தால் மங்கிய சிவப்பு தெரியும் நிலை வந்ததும் டார்ச்சை விலக்கி, சாக்கெட்டை ஏற்றினேன். முதலில் இறுக்கும் திசையில் ஒரு சிறு அழுத்தம். துருவின் பிடி எந்தத் திசையில் உடைந்தாலும் உடைவுதான். இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை அசைந்தால் கழற்றும் பக்கம் எளிதாகும். அசைவில்லை. கழற்றும் திசையில் சீராக ஏற்றினேன். இதற்கும் வரவில்லை.

குழாய் தானாக ஆறும்வரை விட்டேன். தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்கவில்லை. சிவந்த வெல்டில் தண்ணீர் பட்டால் விரிசல் விழ வாய்ப்புண்டு. ஆறி, மீண்டும் சூடேறும்போது துரு நொறுங்கும் என்பதே கணக்கு. இரண்டாவது சூட்டில், கைப்பிடி பாதி வளைந்த நிலையில், நட்டுக்குள்ளிருந்து ‘டக்’ என்று ஒரு வறண்ட ஓசை கேட்டது. தலை ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு நகர்ந்தது.

அந்த ஓசையை இரண்டு விதமாகக் கேட்கலாம். துரு உடைந்த ஓசை ஒருமுறை கேட்டு நின்றுவிடும். கைப்பிடியில் விசை சட்டென்று குறையும். தலை முறியத் தொடங்கினால் ஓசைக்குப் பின்னும் கைப்பிடி ரப்பரைப்போல் இழுபட்டுக்கொண்டே வரும். கையில் பிடித்திருப்பவருக்கு மட்டுமே தெரியும் இந்த வேறுபாட்டுக்காகத்தான் நான் அடித்தடித்துத் திருப்பும் இம்பாக்ட் கன்னை இந்த வேலையில் சேர்ப்பதில்லை. அது முதல் பிடியை உடைக்க உதவலாம். ஆனால் மரை என்ன சொல்கிறது என்பதைக் கைக்கு எட்டவிடாமல் செய்துவிடும்.

வெளியே எடுத்தது

அசைவு கிடைத்ததும் நிறுத்தினேன். குழாய் கையை அருகில் வைக்குமளவுக்கு ஆறியபின் எண்ணெய் விட்டேன். இப்போது அது நின்ற இடத்தில் நிற்காமல் வாஷரின் அடியில் உறிஞ்சப்படுவதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. எண்ணெய்க்கு உரிய நேரம் இதுதான்.

பிறகு முன்னும் பின்னும் ஆட்டும் வேலை. கால் சுற்று வெளியே, அதில் பாதி உள்ளே, மீண்டும் எண்ணெய். உள்ளே திருப்பும் ஒவ்வொரு முறையும் துருத்தூள் மரைப் பள்ளங்களில் இடம் மாறி, எண்ணெயோடு சேர்ந்து செங்குழம்பாக வெளியே வழிந்தது. ஒரே திசையில் இழுத்திருந்தால் அந்தத் தூள் முழுதும் மரையின் முகங்களுக்கு இடையே அடைபட்டிருக்கும். எஃகின் மேல் எஃகு வறண்டு உரசும்போது, அதிலும் துருப்பிடிக்காத வகை எஃகில், பரப்புகள் ஒன்றையொன்று கடித்துக் குளிர்நிலையிலேயே பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். அப்படிக் கடித்த மரை அதன்பின் எந்த எண்ணெய்க்கும் இளகாது.

இரண்டு சுற்று வெளியே வந்தபோது எதிர்பார்த்தது நடந்தது: இளகிக்கொண்டிருந்தது திடீரென்று இறுகியது. குழாய்க்குள் இருந்த தடித்த மரை, நட்டின் வாய்க்குள் நுழையத் தொடங்கியிருந்தது. இதுவரை இருந்த கிறீச்சொலி நின்று, மணலை அரைப்பதுபோன்ற கரகரப்பு கைக்கு வந்தது. உடனே முழுதாக உள்ளே திருப்பினேன். எண்ணெயைத் துடைத்து, நட்டை மறுபடி சூடாக்கி, இந்த முறை சிவக்கும்வரை போகாமல், சூட்டோடு ஆட்டிக்கொண்டே வந்தேன். முரண்டு குறைந்தது, ஆனால் முழுதாக விலகவில்லை. கடைசிச் சுற்றுகள் கனமாகவே வந்தன. ஒருவழியாகச் சென்சார் கையில் விழுந்தது.

வெளிச்சத்தில் பார்த்தபோது அதன் நுனிப்பக்கத்து இரண்டு சுற்று மரையில் பள்ளமே தெரியவில்லை. கருஞ்செதிலும் அதில் பதிந்த உலோகச் சுருளும் நிரம்பியிருந்தன. அந்தச் சுருளில் ஒரு பகுதி நட்டுடையது என்பதில் ஐயமில்லை.

மரையை மீட்டது

கைவிளக்கின் ஒளியில் நட்டின் உள்ளே பார்த்தேன். நடுவில் இருந்த மரை மங்கலான சாம்பல் நிறத்தில் முழுதாக இருந்தது. குழாய்ப் பக்கத்து இரண்டு சுற்றுகளின் முகடுகள் சாய்ந்து, பளபளவென்று கிழிந்திருந்தன. இத்தனை எச்சரிக்கைக்குப் பிறகும் இரண்டு சுற்று போயிற்று. நான்கைந்து சுற்று மிஞ்சியது.

இனி மரையைச் சுத்தம் செய்ய வேண்டும். மரை வெட்டும் டேப்பும் மரையைச் சீராக்கும் கருவியும் ஒன்றல்ல. டேப் வெட்டும், கொஞ்சம் கோணலாக நுழைந்தால் நல்ல மரையின் குறுக்கே புதிய மரையை வெட்டிவிடும். சீராக்கும் கருவி சாய்ந்த மரையை நிமிர்த்துவதோடு நிற்கும். வெட்டும் வேலை அதற்குக் குறைவு. மரையில் இரும்பு மிஞ்சியிருக்கும்போது சீராக்கியை முதலில் எடுக்க வேண்டும். 18-க்கு 1.5 அளவுள்ள சீராக்கியின் பள்ளங்களில் கெட்டியான கிரீசைத் திணித்தேன். பெயரும் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். இந்தத் துளைக்கு நேர் கீழே கன்வர்ட்டர் இருப்பதால் உலோகத் தூள் உள்ளே விழுவதை இயன்றவரை தடுப்பது மிக முக்கியம்.

முதல் இரண்டு சுற்றும் விரல்களாலேயே திருப்பினேன், ஸ்பானரைத் தொடவில்லை. விரலுக்கு இணங்கிப் போனால்தான் அது பழைய மரையின் பாதையில் போகிறது என்று நம்பலாம். பிறகு அரைச் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே. அடிக்கடி முழுதாக எடுத்துத் துடைத்து, புதிய கிரீஸ் வைத்து மறுபடியும் உள்ளே. கடைசியில் மெல்லிய குழாய் மாட்டிய வெற்றிட உறிஞ்சியால் துளையின் சுற்றுப்புறத்தை உறிஞ்சினேன். காந்தத்தை மட்டும் நம்ப முடியாது. துருப்பிடிக்காத எஃகில் காந்தம் பிடிக்காத வகை உண்டு.

மிஞ்சிய மரை தாங்குமா என்பதைப் புதிய சென்சாரை வைத்துச் சோதிக்கக் கூடாது. அதே மரையளவுள்ள அடைப்புப் போல்ட் ஒன்றைப் போட்டு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் 45 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கினேன். இந்த என்ஜினின் கையேடு சென்சாருக்குச் சொல்லும் அளவு அதுதான். முள் இடையில் தயங்காமல், நழுவாமல் ஏறி நின்றது. கழற்றி மீண்டும் ஒருமுறை இறுக்கினேன். அப்போதும் நின்றது.

நின்றிருக்காவிட்டால் என்ன செய்திருப்பேன் என்பதும் இந்த ஆய்வில் சேர வேண்டியது. மரை முழுதும் போயிருந்தால், துளையைப் பெரிதாக்கி உள்மரை வளையம் பொருத்துவது ஒரு வழி. எனக்கு அதைவிட நம்பகமாகப் படுவது பழைய நட்டை அறுத்தெடுத்துப் புதிய நட்டை வெல்டு செய்வது. அப்போது பேட்டரி இணைப்பை அகற்றி, வெல்டின் தரைக்கவ்வியை வெல்டு செய்யும் இடத்துக்கு அருகிலேயே மாட்ட வேண்டும். தலை முறிந்து உடல் உள்ளேயே நின்றுவிட்டால், மேலே ஒரு நட்டை வெல்டு செய்து திருப்பலாம். வெல்டின் சூடே துருவை உடைக்கவும் உதவும். துளையிட்டு எடுப்பது கடைசி வழி. உள்ளிருக்கும் பீங்கான் துளைப்பானுக்கு மசியாது. அதை முதலில் நொறுக்கி வெளியே எடுத்தாக வேண்டும். நொறுங்கியதெல்லாம் கன்வர்ட்டரை நோக்கிப் போகும்.

குழாயையே கழற்றி மேசைமேல் வைத்து வேலை பார்த்திருக்கலாமே என்று கேட்கலாம். பல வண்டிகளில் அதுதான் சரி. இந்த வண்டியில் குழாயை என்ஜினின் புகைவாயான மேனிஃபோல்டோடு சேர்க்கும் ஸ்டட் என்ற மரைக்கம்பிகளின் நட்டுகள் பாதி உருவம் கரைந்து உருண்டையாகியிருந்தன. ஒரு இறுகிய மரையைக் காப்பாற்றப் போய் அதைவிட மோசமான மரைகளைக் கிளறுவதில் ஆதாயமில்லை என்று முடிவு செய்தேன்.

புதியதைப் பொருத்தியது

புதிய சென்சாரின் மரையில் பசை ஏற்கெனவே பூசியிருந்தது. சூட்டைத் தாங்கும் இந்தப் பசை சென்சாருக்குத் தீங்கு செய்யாத வகையாக இருக்க வேண்டும். நுனியில் படவே கூடாது. சிலிக்கோன் கலந்த எதையும் அருகில் சேர்க்கக் கூடாது. சிலிக்கோன் ஆவி சென்சாரின் நுனியில் படிந்து அதைக் குருடாக்கிவிடும்.

திருகும்போது வயரும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். அதனால் முதலிலேயே வயரை எதிர்த்திசையில் சில சுற்று முறுக்கிப் பிடித்துக்கொண்டு, கையால் முழுதும் திருகி, கடைசியில் பிளவுள்ள சாக்கெட்டை டார்க் ரெஞ்ச்சில் மாட்டி 45 வரை இறுக்கினேன். இந்த அளவுக்கு அந்தச் சாக்கெட் தாராளமாகப் போதும். கனெக்டரைக் கடைசியில்தான் மாட்டினேன்.

பழைய கனெக்டரை வைத்துக்கொண்டு, வயரை வெட்டிச் சால்டர் வைத்துச் சேர்க்கும் பழக்கம் பரவலாக உண்டு. பல சென்சார்களில், புகையோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான வெளிக்காற்று, வயரின் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாகத்தான் உள்ளே போகிறது. சால்டர் அந்த வழியை அடைத்துவிடும். கனெக்டருக்குள் கிரீஸ் நிரப்பினாலும் இதே கதிதான். அச்சு அசலாக அந்த வண்டிக்கான கனெக்டரோடு வரும் சென்சாரையே போட்டேன். வயர், பழைய கிளிப்புகளிலேயே, சூடான குழாயிலிருந்து விலகிச் சென்றது. வெப்பத் தடுப்புத் தகடும் தன் இடத்துக்குத் திரும்பியது.

சோதனை

குளிர்ந்த நிலையில் கிளப்பி, முதலில் கேட்டது கசிவின் ஓசையை. மரை இரண்டு சுற்று குறைந்த நட்டில் இது கட்டாயம். இங்கே சிறு கசிவு இருந்தாலும், புகைத் துடிப்புகளின் இடைவேளையில் வெளிக்காற்று உள்ளே இழுபடும். சென்சார் காற்று அதிகம் என்று தவறாகச் சொல்லும். கணினி வீணாகப் பெட்ரோலைக் கூட்டும். நட்டைச் சுற்றிச் சோப்புநீர் தடவியபோது குமிழி ஏதும் எழவில்லை.

ஸ்கேனரில், கிளப்பிய ஒரு நிமிடத்துக்குள் சென்சாரின் கோடு 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஏறி இறங்கத் தொடங்கியது. கணினி, அட்டவணையை விட்டுச் சென்சாரின் சொல்லைக் கேட்கும் நிலைக்கு மாறியதும் திரையில் தெரிந்தது. கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் எரிபொருள் திருத்த அளவு சுழியத்தைச் சுற்றி, ஐந்து விழுக்காட்டுக்குள் நின்றது. குறியீட்டை அழித்து, வண்டியை முழுதாக ஆறவிட்டு மறுபடி கிளப்பியபோதும் பி0135 வரவில்லை. சூடேற்றியின் தற்சோதனை முடிந்ததாகக் கணினியே பதிவு செய்தது. உரிமையாளர் சில வாரங்கள் ஓட்டியபின் காலை நேரத்துப் பெட்ரோல் வாடை போய்விட்டது என்றார்.

வண்டியின் வேலை அட்டையில் நான் எழுதிக் கொடுத்தது இது: முன்பக்கச் சென்சார் நட்டில் குழாய்ப் பக்கத்து இரண்டு சுற்று மரை போய்விட்டது, மிஞ்சியது 45 நியூட்டன் மீட்டரைத் தாங்குகிறது, அதற்கு மேல் இறுக்கக் கூடாது, அடுத்த முறை சென்சார் மாற்றும்போது நட்டையும் மாற்றிவிடவும். கன்வர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது சென்சார் நன்றாக வேலை செய்கிறது. அதன் நட்டைச் சுற்றிலும் அதே செந்துரு வளையம் இருக்கிறது. கோளாறு வரும்வரை அதைத் தொட வேண்டாம், வந்தால் முதலில் வயரை வெட்டவும் என்பதையும் அட்டையின் கீழே சேர்த்தேன்.